இறைச்சி இல்லாத சோறு

2024 ஏப்ரலில் அலுவலக வேலையாக ஒரு வாரம் கிரீட் தீவில் இருந்தேன். கிரீஸ் நாட்டின் பெரிய தீவு அது. தங்கியது ஹெராக்லியோன் நகரத்தில். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டைகூட வாசலைத் தாண்டாத வீடு. வெளிநாடு போனால் ரொட்டி, பழம், கையில் கொண்டுபோன பருப்புப்பொடி என்று சமாளித்துப் பழகியவள்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மலைக் கிராமத்து டவெர்னாவில் நடந்ததை நினைத்தால் இப்போதும் தொண்டையை அடைக்கிறது. போவதற்கு முன்னால் யாராவது இரண்டே இரண்டு விஷயம் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. கிரீஸுக்குப் போகிற சைவக்காரர்கள் யாராவது இருப்பீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

டவெர்னா என்றால் பெரிய உணவகமில்லை. ஒரு குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக் கடை. அம்மாவோ பாட்டியோ சமைப்பார், பிள்ளைகள் பரிமாறுவார்கள், வெளியே ஒரு பெரிய மரத்தடியில் நாலைந்து மேசை கிடக்கும். நகரத்து டவெர்னாக்களில் படம் போட்ட மெனு இருக்கும். அதைப் பார்த்து ஐந்து நாள் ஓட்டிவிட்டேன். கீரை வைத்த ஸ்பனகோபிட்டா, தக்காளிச் சாலட், திரும்பவும் ஸ்பனகோபிட்டா. கூட வேலை செய்தவர்தான், “மலைக்கு மேலே போ, கீரையும் பயறும் அங்கேதான் நன்றாக இருக்கும், இது நோன்புக் காலம் வேறு” என்றார். அந்த ஆண்டு அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 5. அதற்கு முந்தைய பல வாரங்கள் இறைச்சி, பால், முட்டை எல்லாம் விலக்கும் நோன்பு. நோன்புச் சாப்பாட்டுக்கு நிஸ்திசிமோ என்று பெயர், அதைக் கேட்டு வாங்கினால் போதும் என்றும் சொன்னார். இணையத்தில் தேடினேன், அங்கேயும் அதே யோசனை. நம்மூரில் புரட்டாசி மாதத்தில் போய்ச் சாப்பிடுவது மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். முதல் பிழை அதுதான்.

ஹெராக்லியோனிலிருந்து காலை பத்தரைக்குப் பேருந்து. பிசிலோரிட்டிஸ் மலையின் சரிவில் வளைந்து வளைந்து ஏறியது. 2,456 மீட்டர் உயரமுள்ள மலை. ஏப்ரலிலும் உச்சியில் பனி மிச்சமிருந்தது. சாலையோரம் முழுக்க ஆடுகள். கிராமத்தில் இறங்கியதும் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் பார்த்தேன், மாலை 5 மணிக்கு ஒரு பேருந்து போட்டிருந்தது. நிம்மதியாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வரிசைக்கு மேலே இருந்த ஒரு வார்த்தையை நான் வாசிக்கவில்லை, வாசிக்கவும் தெரியாது. அது ‘கதிமெரினெஸ்’. வார நாட்கள் என்று பொருள். ஞாயிற்றுக்கிழமைக்கு ‘கிரியாகி’ என்று தனி வரிசை இருந்தது. அதில் திரும்பிப் போகும் கடைசி வண்டி மதியம் இரண்டரைக்கு. கிராமப் பேருந்தில் போகிறவர்கள் ‘கிரியாகி’ என்ற அந்த ஒரு சொல்லின் எழுத்து வடிவத்தை மட்டுமாவது கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் இறங்கும்போதே கடிகாரத்தைக் காட்டிக் கேட்பது அதைவிட நல்லது.

நான் போனது பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே ஞாயிறு மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். அடுப்பே அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. முற்றத்தின் ஓரத்தில் விறகைக் குவித்து நெருப்பு மூட்டி, அதைச் சுற்றிலும் கம்பிகளில் ஆட்டிறைச்சியைச் செங்குத்தாக நட்டு வைத்திருந்தார்கள். நெருப்பைப் பார்த்தபடி நிற்பதால் அதற்கு அந்திகிரிஸ்தோ, எதிரெதிர் என்று பெயராம். அந்தப் பக்கத்து மலைக் கிராமங்களின் சிறப்பே அதுதான் என்று பிறகு தெரிந்தது. வாசனை முகத்தில் அடித்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உட்கார்ந்தேன். பசி ஒரு காரணம், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்பது இன்னொரு காரணம். மேசையில் காகித விரிப்பைப் போட்டு, நாலு மூலையிலும் கிளிப் மாட்டி, ஒரு கூடை ரொட்டியும் ஆலிவும் தண்ணீர் பாட்டிலும் வைத்தார்கள். ரொட்டிக்குக் காசு உண்டு, தலைக்கு ஒன்று ஒன்றரை யூரோ. நாம் கேட்காவிட்டாலும் வரும். வேண்டாமென்றால் வைக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

பரிமாறியவர் நாற்பது வயதிருக்கும், கடைக்கார அம்மாவின் மகன். கொஞ்சம்தான் ஆங்கிலம் பேசினார். “நிஸ்திசிமோ” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “நோ மீட்” என்றும் சேர்த்துச் சொன்னேன். “ஓகே, நோ மீட்” என்றார். அப்புறம் கிரேக்கத்தில் ஒவ்வொரு பதார்த்தமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் நம் வழக்கப்படி ‘சரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள்’ என்று தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே இருந்தேன். கிரீஸில் அப்படித் தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்தால் அதற்கு ‘ஆம்’ என்று அர்த்தம். வாயால் சொல்லும் ஆம் ‘நே’, இல்லை ‘ஓஹி’. நான் ஒவ்வொரு தடவை சாய்க்கும்போதும் அவர் குறிப்புத் தாளில் ஒரு வரி எழுதினார். சிறப்பானதைக் குறித்துக்கொள்கிறார் போல என்று நினைத்தேன். தனியாக வந்த ஒரு ஆளுக்கு ஐந்து தட்டு வந்தது அதனால்தான். தமிழர்கள் அங்கே போனால் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, வேண்டியதை விரலால் தொட்டு, “இது மட்டும்” என்று சொல்லுங்கள். வாய்க்கு முன்னால் நம் தலை பேசிவிடுகிறது.

முதலில் ஹோர்தா வந்தது. மலையில் பறித்த காட்டுக் கீரையை வேகவைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, எலுமிச்சை பிழிந்தது. லேசான கசப்பு. ஊரில் ஆச்சி வைக்கும் கீரை மாதிரி இருந்ததில் மனசு இளகிவிட்டது. டாகோஸ் வந்தது; பார்லி ரொட்டியைக் காயவைத்து மொரமொரப்பாக்கி, மேலே தக்காளியைத் துருவிப் போட்டு, மிஸித்ரா என்ற வெள்ளைப் பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போடுவது. ஸ்டாகா ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலும் வந்தது. ஸ்டாகா என்பது ஆட்டுப்பால் ஏட்டை மாவு சேர்த்துக் காய்ச்சி, நெய் பிரிந்த பின் தங்குவது. நம் வெண்ணெய் காய்ச்சிய கசண்டின் பக்கத்தில் வரும் ருசி. நோன்புக்காரர்கள் பால் தொட மாட்டார்களே, இது எப்படி வந்தது என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். தலையாட்டியதில் வந்தது அது.

நாலாவது தட்டில் வறுத்த சின்னச் சின்ன உருண்டைகள், ரோஸ்மேரி இலை, வினிகர் வாசனை. காளான் என்று நினைத்து முள்கரண்டியால் ஒன்றைத் திருப்பினேன். ஓடு. ஓட்டுக்குள் சுருண்டு கிடந்தது. நத்தை.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கை நடுங்கியது. ஏமாற்றுகிறார்கள் என்று கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்களுடைய நோன்பில் விலக்கு இரத்தமுள்ள உயிர்களுக்குத்தான், மீன்கூடக் கூடாது. ஆனால் இரத்தமில்லாதவை என்று கணவாய், ஆக்டோபஸ், இறால், சிப்பி எல்லாம் சாப்பிடலாம். கிரீட்டில் நத்தையும் அந்தக் கணக்கில் வரும். ஹொஹ்லி என்பார்கள், நோன்புக் காலத்தில் ஆசையாகச் செய்வார்கள். நான் கேட்டது நோன்புச் சாப்பாடு, அந்த நத்தையும் நோன்புச் சாப்பாடுதான். நிஸ்திசிமோ என்ற சொல் பாலும் முட்டையும் வேண்டாதவர்களுக்குப் பாதி உதவும். அதை மட்டும் நம்பி ஒரு சைவக்காரர் உட்காரக் கூடாது.

தட்டைத் தள்ளி வைத்தேன். மகன் வந்து பார்த்துவிட்டு எடுத்துப் போனார், முகம் வாடியது. கொஞ்ச நேரத்தில், என்னைச் சமாதானப்படுத்துவது போல், ஐந்தாவது தட்டைக் கொண்டுவந்து வைத்தார். “ரைஸ். நோ மீட்.”

வெள்ளைச் சோறு. நெய் மினுங்க, குழைவாக, ஆவி பறக்க. வெண்பொங்கலில் மிளகையும் முந்திரியையும் எடுத்துவிட்டால் எப்படியிருக்கும், அப்படி. ஆறு நாளாகச் சோற்றைக் கண்ணால் பார்க்காதவள் நான். கிளறிக் கிளறிப் பார்த்தேன், ஒரு துண்டு எதுவுமில்லை. மேலே எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. பாதித் தட்டு காலியான பிறகு, பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பெண்ணிடம், மகனுடைய மகள், நல்ல ஆங்கிலம் பேசினாள், இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். அவள் பெருமையோடு சொன்னாள். இது கல்யாணச் சோறு, காமோபிலாஃபோ. ஆட்டிறைச்சியையும் சேவலையும் மணிக்கணக்காக வேகவைத்து, இறைச்சியைத் தனியாக எடுத்துவிட்டு, அந்தச் சாற்றில் அரிசியைப் போடுவோம். இறுதியில் ஸ்டாகாவில் பிரித்த நெய். பாட்டி செய்தது போல இந்த ஊரில் யாராலும் செய்ய முடியாது.

நான் அழுதுவிட்டேன். பின்னால் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துக்கொண்டே நின்றேன். கொப்பளித்து என்ன ஆகப்போகிறது. எழுபத்தெட்டு வயதுவரை ஒரு வாய் அசைவம் படாமல் போய்ச் சேர்ந்த ஆச்சியின் நினைவு வந்தது. வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லவும் முடியவில்லை. இதைப் படிக்கும் சிலருக்கு ‘சாறுதானே’ என்று தோன்றலாம். அவரவர் மனசு. எனக்கு அது ஒரு நாள் முழுக்கத் தீரவில்லை, பல நாள் தீரவில்லை.

அந்தப் பெண் பயந்துபோய்ப் பாட்டியைக் கூட்டி வந்தாள். எல்லோரும் அவரை யாயா என்று கூப்பிட்டார்கள், பாட்டி என்றுதான் அர்த்தம். கறுப்புத் துணி, இடுப்பில் மாவு படிந்த ஏப்ரன். பேத்தி சொல்லச் சொல்லக் கேட்டவர் இரண்டு கையாலும் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். என் தோளைப் பற்றி நேராக அடுக்களைக்குள் அழைத்துப் போனார். ஒவ்வொரு பானையாக மூடியைத் திறந்தார். பேத்தி மொழிபெயர்த்தாள். இது ஆடு, வேண்டாம். இது பச்சை பீன்ஸ், எண்ணெயும் தக்காளியும் மட்டும். இது யிகாந்தெஸ், நம் பட்டர்பீன்ஸ் மாதிரிப் பெரிய வெள்ளைப் பயறு, தக்காளியில் அடுப்புக்குள் வைத்து வேகவைத்தது. அதிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துத் தந்து, அடுக்களையிலேயே ஸ்டூலில் உட்காரவைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். அவர் மேல் எனக்கு ஒரு துளியும் வருத்தமில்லை. அவர்கள் பேச்சில் இறைச்சி இல்லை என்றால் தட்டில் துண்டு இல்லை என்றுதான் பொருள். சாறு கணக்கில் வராது.

கிராமத்து டவெர்னாக்களில் அடுக்களைக்குள் போய்ப் பானையைப் பார்ப்பது பழைய வழக்கம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்று அன்றுதான் தெரிந்தது. உட்காரும் முன்பே போய்ப் பாருங்கள். கேட்க வேண்டிய பெயர் ‘லாதெரா’, எண்ணெயில் வேகவைத்த காய்கறிகள். பீன்ஸ், பல காய்களைச் சேர்த்து வேகவைக்கும் பிரியாம், பாமியா என்ற வெண்டைக்காய் எல்லாம் அதில் அடங்கும். தக்காளி, குடமிளகாய்க்குள் அரிசி அடைத்த யெமிஸ்தா இருந்தால் அது ‘ஓர்ஃபனா’வா என்று கேளுங்கள். அநாதை என்று பொருள், கொத்திறைச்சி சேர்க்காதது. திராட்சை இலையில் சுருட்டிய தொல்மாதெஸ் என்றால் ‘யலாஞ்சி’ கேளுங்கள். துருக்கியிலிருந்து வந்த சொல், பொய்யானது என்று அர்த்தம், அதுவும் இறைச்சியில்லாதது. சைவம் என்பதற்கு ‘ஹோர்தோஃபாகோஸ்’ என்ற சொல் உண்டு, ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பொருள் பொருளாகச் சொல்லுங்கள்: ஹோரிஸ் க்ரேயாஸ், இறைச்சி இல்லாமல். ஹோரிஸ் ஸோமோ, சாறு இல்லாமல். ஹோரிஸ் ப்சாரி, மீன் இல்லாமல். ஹோரிஸ் ஹொஹ்லியூஸ், நத்தை இல்லாமல். இதில் ஸோமோ என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்னும் கண்டிப்பாக இருப்பவர்களுக்கு ஒன்று: அங்கே பாரம்பரிய முறையில் செய்யும் ஃபெட்டா போன்ற பாலாடைக்கட்டிகளில் பாலைத் திரிய வைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்ப்பார்கள். டாகோஸைக்கூடப் பாலாடைக்கட்டி இல்லாமல் கேட்டு வாங்கலாம்.

சரி, பணக் கதைக்கு வருகிறேன். பில் கேட்டேன். மகன் மேசையின் காகித விரிப்பிலேயே பேனாவால் எழுதிக் கூட்டி, 48 யூரோ என்று வட்டம் போட்டார். கார்டு இயந்திரத்துக்குச் சிக்னல் இல்லை, ரொக்கம் என்றார். என்னிடம் ரொக்கமாக மொத்தமே 60 யூரோதான் இருந்தது. அழுத முகத்தோடு பேரம் பேச மனமில்லை, கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மெனு அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் தர வேண்டியதில்லை. கிரீஸில் எல்லா உணவகத்திலும் இதைப் போட்டிருப்பார்கள், சட்டப்படி உள்ளது. ரசீதுக்கு ‘அபோதிக்ஸி’ என்று பெயர். அதைச் சொன்னேன். உள்ளே போய் இயந்திரத்தில் அடித்துக் கொண்டுவந்த ரசீதில் 39.50 இருந்தது. ரொட்டி 1.50, தண்ணீர் 1.50, கீரை 5, டாகோஸ் 6.50, உருளைக்கிழங்கு 6, நத்தை 9, சோறு 10. யாயா உபசாரமாகத் தந்த பயறுக்கு விரிப்பில் 8.50 எழுதியிருந்தவர், ரசீதில் அதை எடுத்துவிட்டிருந்தார். தெரியாமல் எழுதினாரோ என்னவோ. தொடாத நத்தைக்கும் காசு கொடுத்தேன், அதைக் கேட்க அப்போது வாய் வரவில்லை. இன்னொன்றும் பார்த்தேன். பக்கத்து மேசையில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி இறைச்சி விலையைத் தட்டுக்கு என்று நினைத்துவிட்டார்கள். மெனுவில் போட்டிருந்தது கிலோவுக்கு. தீயில் சுட்ட இறைச்சிக்கும் மீனுக்கும் பெரும்பாலும் கிலோ விலைதான், அசைவம் சாப்பிடுகிறவர்கள் அடுப்பில் ஏற்றும் முன்பே நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் ஒரு சின்னக் குப்பியில் ரகி வைத்தார்கள், திராட்சைச் சக்கையில் வடிக்கும் சாராயம், கூடவே ஆரஞ்சுச் சுளைகள். இதற்குக் காசில்லை. கெரஸ்மா, விருந்தோம்பல். குடிக்காதவர்கள் நெஞ்சில் கை வைத்து ‘எஃப்ஹரிஸ்தோ’ என்று நன்றி சொன்னால் போதும், யாரும் வற்புறுத்தவில்லை.

நாலே முக்காலுக்கு நிறுத்தத்துக்குப் போனேன். எதிர் காபிக் கடையில் முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். “ஹெராக்லியோன், பஸ்?” என்றேன். அவர் புருவத்தை உயர்த்தி, தலையை மேலே தூக்கி, ‘ச்’ என்று உச்சுக் கொட்டினார். பாவம், தனியாக நிற்கிறாளே என்று இரக்கப்படுகிறார் என்று நினைத்துப் புன்னகைத்துவிட்டு நின்றேன். அங்கே அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம். ஒரு மணி நேரம் நின்றேன். வெயில் இறங்க இறங்க மலைக் குளிர் ஏறியது, நான் மெல்லிய பருத்தித் துப்பட்டா மட்டும் போட்டிருந்தேன். அவர் அதற்குள் மூன்று தடவை அதே மாதிரி உச்சுக் கொட்டிவிட்டார். கடைசியில் எழுந்து வந்து, அட்டவணையில் ‘கிரியாகி’ என்ற வரிசையில் விரலை வைத்துக் காட்டினார்.

காபிக் கடைக்காரர்தான் டாக்ஸிக்குப் போன் செய்தார். விலையை ஏறும் முன்பே எழுதிக் காட்டச் சொன்னேன், 65 யூரோ. கையில் இருந்ததோ 20.50. ஹெராக்லியோனில் ஒரு ஏடிஎம் வாசலில் நிறுத்தி எடுத்துக் கொடுத்தேன். ஒரு மதியச் சாப்பாட்டுக்கு ஆன செலவு எல்லாம் சேர்த்து 104.50 யூரோ, அன்றைய கணக்கில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தனியாகக் கிராமத்துக்குப் போகிறவர்கள் திரும்பும் டாக்ஸிக்கான ரொக்கத்தைச் சாப்பாட்டுப் பணத்தோடு கலக்காமல் தனியாக வையுங்கள்.

அன்றிரவு விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு தாளில் கிரேக்க எழுத்தில் அந்த நாலு வரியையும் எழுதி, ‘சாறு இல்லாமல்’ என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டுத் தந்தாள். மறுநாள் இரவு நகரத்தில் பானைச் சாப்பாடு போடும் ஒரு சின்னக் கடைக்குப் போய், தாளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சமையல்காரரிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். காய்கறி சூப்பில் கரண்டியை வைக்கப்போனவர், திரும்பவும் தாளைப் பார்த்து, “ஸோமோஸ்” என்று சொல்லி மூடியைப் போட்டார். பக்கத்துப் பானையில் இருந்த பச்சை பீன்ஸை அள்ளித் தட்டில் வைத்தார்.